பொய்யின் உண்மைக் கதை

ரெண்டு சாக்ஸில் அரிசியைப் போட்டு முடிச்சுப் போட்டு, மொட்டை மாடியில் சுத்த ஆரம்பிச்சேன். முதல் நாளே மூக்கில் ஒண்ணு!

இந்த வித்தைக்குப் பேரு பொய். நம்ம ஊர்ப் பொய் இல்லீங்க. நியூசிலாந்து மாவோரி மொழியில் பந்துன்னு அர்த்தம்.

ஆரம்பப் பாடம் சுலபம். ரெண்டு கயிறும் ஒரே நீளம். உடம்புக்குப் பக்கவாட்டில் சுழற்றணும், தோளை ஆட்டாமல் மணிக்கட்டால் மட்டும். அது பழகினதும், ஒரு பந்து மேலே போகும்போது இன்னொண்ணு கீழே வரணும். இங்கேதான் எல்லாரும் சொதப்புவோம், தாளம் தெரியாததால்.

மாவோரிப் பெண்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவங்க பாடிக்கிட்டேதான் சுழற்றுவாங்க. பந்து கையில் படும் சத்தமே தாளம். அந்தக் காலத்தில் ரௌப்போ என்கிற கோரையில் பந்து செய்தார்கள்.

ஆனா பாட, மொழி இருக்கணுமே? பள்ளிக்கூடத்தில் மாவோரி பேசினதுக்கு அடிவாங்கின தலைமுறை, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரத் தயங்கியது. மொழி தேய்ந்தது.

1982-ல் பாட்டேயா என்ற சிற்றூரில் இறைச்சி ஆலையை மூடிட்டாங்க. ஊரே வேலையிழந்து நின்றது. அதே வருஷம், இளசுகளுக்கு மாவோரி என்பதில் பெருமை வரணும்னு ஙோய் பேஃபைராங்கி அம்மையார் 'பொய் ஏ' பாட்டை எழுதினார். மெட்டு டால்வேனியஸ் பிரைம். இசைத்தட்டு நிறுவனங்கள் கைவிரிக்க, பிரைம் தானே வெளியிட்டார். பாடினது பாட்டேயா ஊர்க் குழு.

1984-ல் நாலு வாரம் நியூசிலாந்தில் முதலிடம், முழுக்க மாவோரியில்!

இப்போ அந்தப் பாட்டைப் போட்டுத்தான் பழகுறேன். மூக்கில் அடி நிற்கலை. தாளம் மட்டும் லேசா பிடிபடுது.