முன்கூட்டிக் கொடுத்த மூலிகையும் பிந்தி வரும் நோயாளியும்

கீழாநெல்லி, மஞ்சள், நெல்லி, மூக்கிரட்டை என எந்த மூலிகையை எடுத்தாலும், அது மருந்தின் நச்சிலிருந்து எலியின் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ காத்ததாகச் சொல்லும் ஓர் ஆய்வு கிடைக்கும். பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. சாற்றைச் சில நாள் ஊட்டியபின் பாராசிட்டமாலை நச்சு அளவில் கொடுப்பார்கள். ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் குறைவாக ஏறியதைக் காட்டி, சாற்றிலுள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளே காத்தன என்று முடிப்பார்கள். அந்த முடிவு சோதனை காட்டியதைத் தாண்டிப் போகிறது. இந்தச் சோதனை முறை பொருந்தும் இடமும் வேறு என்பதே என் வாதம்.

பாராசிட்டமால் தானாகக் கல்லீரலைக் கெடுப்பதில்லை. சைட்டோகுரோம் பி450 நொதிகள் அதன் ஒரு பகுதியை, வினைத்திறன் மிக்க இடைப்பொருளாக மாற்றுகின்றன. செல்லிலுள்ள குளூட்டதயோன் என்ற காப்புப் பொருள் இருக்கும்வரை அது அடங்கும். தீர்ந்ததும் மைட்டோகாண்ட்ரியப் புரதங்களில் ஒட்டிக்கொண்டு செல்லைக் கொல்லும். முன்கூட்டியே உள்ளே போன சாறு சைட்டோகுரோம் நொதிகளைத் தடுத்திருந்தால் நச்சு உருவாகியே இருக்காது. அப்போதும் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் குறைவாகவே ஏறும், குளூட்டதயோன் மிஞ்சும், காப்பு கிடைத்ததாகவே தெரியும். சாற்றைக் கரைக்கப் பயன்படும் டைமெத்தில் சல்பாக்சைடுகூட இந்த மாயத்தைச் செய்யும். போதாக்குறைக்கு, இந்த நச்சை எலி சுண்டெலியைவிட நன்றாகவே தாங்கும். அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கியவரோ மருத்துவமனைக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். அவருக்குக் கொடுக்கும் என்-அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் செலுத்தினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். குளூட்டதயோனை மீண்டும் ஆக்கத் தேவையான சிஸ்டீனை அது தருவதே காரணம். பிந்திக் கொடுத்துப் பார்க்காத மூலிகையை இதற்கு நிகர் என்பது தவறு.

ஆனால் நச்சு மருந்தைத் தொடங்கும் நாள் முன்பே தெரிந்திருக்கும் நோய்கள் உண்டு. காசநோய்ச் சிகிச்சையின் முதல் இரண்டு மாதம் கொடுக்கும் மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் சிறுநீரக நுண்குழல் செல்களில் சேர்ந்து அவற்றை அழிக்கிறது. முன்கூட்டிக் கொடுக்கும் சோதனைக்கு இங்கேதான் பொருள் உண்டு. இங்கும் இரு கேள்விகள் எழுகின்றன: சிறுநீரகத்தைக் காக்கும் பொருள் கட்டியையும் சேர்த்துக் காக்குமா? காசநோய் மருந்தின் ரத்த அளவைக் குறைத்துக் கிருமிக்கு வாழ்வு தருமா? இவற்றை அளக்காத ஆய்வு பாதி ஆய்வே.

தலைமுறைகளாகப் புழங்கியவற்றுக்கு இத்தனை சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி சாப்பிட்ட பலருக்கு இருந்திருக்கக்கூடியது தானாகவே ஆறும் ஹெபடைட்டிஸ் ஏ. சென்னை ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் இதழில் ஹெபடைட்டிஸ் பி நோய்க்குக் கீழாநெல்லி பலன் தந்ததாக எழுதினார்கள். பின்வந்த பல ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. மனிதரிடம் சோதித்ததால்தான் அது தெரிந்தது. மேலும், ஓர் ஆய்வில் எலிக்குக் கொடுத்த சாரம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், அது உடற்பரப்புக் கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிராம் சாரம். குழம்பில் போடும் மஞ்சளின் பாதுகாப்பு இதற்குச் சான்றாகாது. பச்சைத் தேயிலைச் சாரத்தின் கேட்டச்சின் நாளுக்கு 800 மில்லிகிராமை எட்டும்போது கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. மிளகின் பைப்பரினோடு சேர்த்த மஞ்சள் மாத்திரைகளும் சீந்திலும் கல்லீரல் பாதிப்போடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. காக்க வந்ததே கெடுக்கும் வாய்ப்பைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும்.

மனித ஆய்வுக்குப் பணமில்லை என்பது நியாயமான குறை. ஆனால் நச்சு கொடுத்தபின் சாற்றைக் கொடுக்கும் ஒரு குழுவைச் சேர்ப்பதும், மருந்தின் ரத்த அளவைப் பார்ப்பதும், கரைப்பான் மட்டும் பெற்ற குழுவை வைப்பதும் எலி ஆய்வுக்குள்ளேயே முடியும். இம்மூன்றும் இல்லாத கட்டுரையைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பும்படி இதழாசிரியர்களையும், ஆய்வேட்டை ஏற்கும் முன் இவற்றைக் கேட்கும்படி நெறியாளர்களையும் வேண்டுகிறேன்.