தண்டிக்கும் உரிமையும் எழுதிவைக்கும் கடமையும்: இந்தியத் தொழிற்சாலைகளில் நிலையாணைகளின் வரலாறு

தொழிலாளியைத் தண்டிக்கும் அதிகாரம் இந்திய ஆலை நிர்வாகங்களிடம் தொடக்கம் முதலே இருந்துவருகிறது. அதைப் பயன்படுத்துமுன் எதை எழுதிவைக்க வேண்டும், யாருக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் காலந்தோறும் மாறியது. 1859 முதல் 2025 வரையிலான சட்டங்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக இக்கட்டுரை அம்மாற்றத்தை ஆராய்கிறது. சுமையாக வந்த எழுத்துக் கடமை, வழக்கு மன்றத்தில் நிர்வாகத்துக்கே அரணாகிவிட்டது என்பது இதன் வாதம்.

சிறையும் அபராதமும்

1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கியது. முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்வார். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடி என்று உத்தரவு வரும். கீழ்ப்படியாதவருக்கு மூன்று மாதம் வரை சிறை. ஒப்பந்தத்தை மீறிய முதலாளிக்கோ இச்சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. இதை நீக்கும் சட்டம் 1925இல்தான் இயற்றப்பட்டது.

ஆலைக்குள் வழக்கமான தண்டனை அபராதம். விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1936இல் ஊதியம் வழங்கல் சட்டம் வந்தது. அபராதம் ஊதியத்தில் ரூபாய்க்கு அரை அணாவைத் தாண்டக் கூடாது என்றது அது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். வசூலானதைப் பதிவேட்டில் எழுதித் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். அதிகாரம் பறிபோகவில்லை, ஆனால் அதற்குக் கணக்கு காட்ட வேண்டியதாயிற்று.

வாயிலருகே ஒரு பலகை

வேலை விதிகள் அப்போதும் வாய்மொழியாகவோ நிர்வாகத்தின் ஒருதலை அறிவிப்பாகவோதான் இருந்தன. 1938ஆம் ஆண்டின் பம்பாய் தொழில் தகராறுச் சட்டம் அம்மாகாணத்தில் நிலையாணைகள் எனப்படும் எழுத்து விதிகளைக் கட்டாயமாக்கியது. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பு வகித்த காலத்தில், 1946 ஏப்ரலில், நாடு தழுவிய நிலையாணைகள் சட்டம் நிறைவேறியது.

நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் ஆலை, வேலை நேரம், ஷிப்ட், விடுப்பு, தாமத வருகை, வாயில் சோதனை, ஒழுங்கீனம், பணிநீக்கம் ஆகியவற்றுக்கான விதிகளை வரைந்து, சான்றளிக்கும் அலுவலரிடம் அளிக்க வேண்டியிருந்தது. அவர் தொழிற்சங்கத்தின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே சான்றளிப்பார். சான்று பெற்ற விதிகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும், அவர்கள் நுழையும் வாயிலருகே பலகையில் ஒட்ட வேண்டியிருந்தது. விதி நியாயமானதா என்று பார்க்கும் அதிகாரம் அலுவலருக்கு முதலில் இல்லை; 1956ஆம் ஆண்டுத் திருத்தமே அதை வழங்கியது.

விசாரணை அறை

ஒழுங்கீனம் இன்னதென்று பலகை சொல்லிவிட்டது. அதை எப்படி மெய்ப்பிப்பது என்பதை நீதிமன்றங்கள் வகுத்தன. சுர் எனாமல் வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் உள்விசாரணைக்கு ஐந்து அடிப்படைகளைக் கூறியது: குற்றச்சாட்டு தெளிவாகத் தெரிவிக்கப்பட வேண்டும்; சாட்சிகள் தொழிலாளியின் முன்னிலையிலேயே விசாரிக்கப்பட வேண்டும்; அவர் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு வேண்டும்; தம் சாட்சிகளை நிறுத்தவும் வாய்ப்பு வேண்டும்; விசாரணை அதிகாரி காரணங்களுடன் முடிவை எழுத வேண்டும்.

மனிதவளப் பிரிவின் அன்றாட வேலையை இது மாற்றியது. “பணியில் அலட்சியமாக இருந்தீர்” என்ற ஒற்றை வரிக் குறிப்பாணை போதாது. எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த இயந்திரம், நிலையாணையின் எந்தப் பிரிவு என்பவை அதில் இருந்தாக வேண்டும். கிளாக்சோ வழக்கில் 1983இல், நிலையாணையில் பட்டியலிடாத செயலை ஒழுங்கீனமாகக் கருதித் தண்டிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

இதற்கிடையில் 1971இல் தொழில் தகராறுச் சட்டத்தில் 11ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும், பணிநீக்கம் மிகையான தண்டனை என்று கருதினால் தொழிலாளர் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்றது அப்பிரிவு. தமிழ்நாடு 1981இல் தனிச் சட்டத்தின் மூலம், பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதி ஊதியமும், 180 நாள் வரை முக்கால் பங்கும், அதன் பிறகு முழு ஊதியமும் பிழைப்பூதியமாக வழங்கச் செய்தது. விசாரணையை இழுத்தடிப்பது நிர்வாகத்துக்கே செலவு என்றாயிற்று.

நூறிலிருந்து முந்நூறு

2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பணியிடை நீக்கத்தில் இருப்பவர் மீதான உள்விசாரணையைப் பொதுவாக 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது அது. நிலையாணைக் கடமையையோ 300 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்கிறது.

சிறு ஆலைகளுக்கு இது சலுகையாகத் தோன்றலாம். ஆனால் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தொழில் தீர்ப்பாயத்திடம் அப்படியே இருக்கிறது. இயற்கை நீதியின் தேவையும் போய்விடவில்லை. போனது, நிர்வாகம் சுட்டிக்காட்டக்கூடிய சான்றளிக்கப்பட்ட பட்டியல் மட்டுமே. அதே நாளில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பு பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால், 299 பேர் வேலைசெய்யும் ஆலையில் ஒழுங்கு விதிகள் இனி அக்கடிதத்துக்குள் போய்ச் சேரும். அதை வரையும்போது தொழிற்சங்கம் எதிரே உட்காராது. சான்றளிக்கும் அலுவலர் படித்துப் பார்க்கமாட்டார். அப்படி எழுதிய விதி நியாயமானதா என்ற கேள்வி, முன்பு சான்றளிப்பின்போதே எழுந்தது. இனி ஒருவரை வேலையை விட்டு அனுப்பிய பிறகு, வழக்கில்தான் எழும். அந்தத் தாமதத்தின் விலையை இரு தரப்பும் கொடுக்க வேண்டியிருக்கும்.