காரில் ஏறிப் போனவர்

நேயர்களே, ஒரு நகைச்சுவைப் படத்தில் பெயரில்லாத ஒருவர் சில விநாடிகள் வந்து போகிறார். அவர் பேசுவதில்லை, நம்மைச் சிரிக்க வைப்பதுமில்லை. காரில் ஏறுகிறார், கதவைச் சாத்துகிறார், போய்விடுகிறார். அவரை எதற்காகப் படத்தில் வைத்தார்கள்? சார்ளி சப்ளினின் 'சிற்றி லைட்ஸ்' படத்தைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

1927இல் 'த ஜாஸ் சிங்கர்' வெளிவந்ததோடு அமெரிக்கத் திரையுலகம் பேசும் படத்தின் பின்னால் ஓடத் தொடங்கிற்று. சப்ளின் அசையவில்லை. 1928 டிசம்பரில் 'சிற்றி லைட்ஸ்' படப்பிடிப்பைத் தொடங்கிய அவர், பேச்சில்லாமலே கதை சொல்வதென உறுதி பூண்டிருந்தார்.

கண்பார்வையற்ற பூக்காரி ஒருத்தி, கந்தல் உடுத்த நாடோடியைச் செல்வந்தன் என நம்பிவிடுகிறாள். அங்கேதான் கதை பிறக்கிறது. ஆனால் அவள் எப்படி நம்புவாள்? அவளால் பார்க்க முடியாது. அவன் பொய் சொல்லவும் கூடாது. சொன்னால் நமது அன்பை இழந்துவிடுவான். இந்த முடிச்சு சப்ளினை நெடுநாள் வாட்டியது. பூக்காரியாக நடித்த வேர்ஜினியா ஷெரிலை இடையில் நீக்கினார். பின்னர் மீண்டும் அழைத்தார். இருவரும் சந்திக்கும் காட்சியை நூற்றுக்கணக்கான தடவை எடுத்தார்.

விடை கார்க்கதவில் கிடைத்தது. பொலிஸ்காரருக்கு அஞ்சிய நாடோடி, தெருவோரம் நின்ற காரின் ஒரு கதவால் ஏறி மறு கதவால் இறங்குகிறான். கதவுச் சத்தம் கேட்ட பூக்காரி அவனிடம் பூ நீட்டுகிறாள். அவன் தன் கையிலிருந்த நாணயத்தைக் கொடுக்கிறான். அவள் மீதிச் சில்லறை எடுப்பதற்குள் காருக்குரியவர் வந்து ஏறி, கதவைச் சாத்திப் போய்விடுகிறார். மீதியை வாங்காமலே கனவான் போய்விட்டார் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். நாடோடி ஓசையின்றி நழுவுகிறான்.

நாம் கண்ணால் அறிவதை அவள் காதால் மட்டும் அறிகிறாள். பொய் சொன்னவர் எவருமில்லை. இருந்தும் ஒரு பொய் பிறந்துவிட்டது. அதைப் பெற்றவர் அதை அறியாமலே போய்விட்டார். அவருக்கு ஒரு பெயரோ ஒரு வேடிக்கையோ கொடுத்திருந்தால் நமது கவனம் அவர்பால் சென்றிருக்கும். பூக்காரியின் முகத்தை நாம் தவறவிட்டிருப்போம்.

1931 ஜனவரி 30ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் இறுதிப் பகுதியில், பார்வை பெற்றுப் பூக்கடை நடத்தும் அவளிடம் வசதி படைத்த இளைஞர் ஒருவர் வருகிறார். அவர்தானோ என்று அவள் ஏங்குகிறாள். அவரும் பூவுக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். முதலாமவர் விதைத்த நம்பிக்கை இன்னும் அவள் நெஞ்சில் வாழ்கிறது என்பதைக் காட்டவே இந்த இரண்டாமவர் வந்தார். அதனால்தான், கடைசியில் நாடோடியின் கையைத் தொட்டு அவள் உண்மையை அறியும்போது நமது கண்கள் கலங்குகின்றன.

சிறு பாத்திரத்தின் பயன் இதுவே, நேயர்களே. தான் சிரிக்க வைக்காவிட்டாலும், பெரிய பாத்திரத்தின் சிரிப்புக்கும் கண்ணீருக்கும் அது வழிதிறந்து விடுகிறது.