கைரேகை வைக்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் குடும்பக் கதை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "அவரு தங்கவயலுக்குப் போயிட்டாரு." எந்த வருஷம், எந்தச் சுரங்கம், கூட யார் போனார்கள், எதற்கும் பதில் இருக்காது. 2024இல் 'தங்கலான்' வந்த பிறகு என் வயதுக்காரர்கள் சிலர் அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கொள்ளுத்தாத்தாவைத் தேடக் கிளம்பினார்கள். பெரும்பாலும் இரண்டாவது தலைமுறையிலேயே சுவர் வந்துவிடுகிறது. அந்தச் சுவரை யார் கட்டினார்கள் என்று பார்த்தால், தேடலே வேறு மாதிரி ஆகிவிடும்.

முதல் சிக்கல் ஊர்ப் பெயர். தருமபுரி மாவட்டம் உருவானது 1965இல்; அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். அதற்கு முன் எல்லாமே சேலம் ஜில்லா. தங்கவயலோ மைசூர் சமஸ்தானத்துக்குள். பழைய காகிதத்தில் 'தருமபுரி மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது, தூரம். தருமபுரியிலிருந்து தங்கவயல் நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து அதில் பாதிதான். கப்பல் வேண்டாம், பாஸ் வேண்டாம், நடந்தே போகலாம். போகக் காரணமும் இருந்தது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்தைச் சூறையாடியது. 1871 சென்சஸில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். 1881இல் 16 லட்சத்துக்கும் கீழே. செத்தவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களில் நிலமில்லாதவர்களுக்கு ஊரில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அதே நேரத்தில் வடக்கே பூமியைத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். 1870களில் மைக்கேல் லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் தங்கம் தேட அனுமதி வாங்கினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க் என்று பக்கத்துப் பக்கத்தில் சுரங்கங்கள் எழுந்தன. 1894இல் ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஒடுக்கப்பட்ட சாதியினர்.

அதே சுரங்கத்துக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அங்கே தகரம், செம்புச் சுரங்கங்கள் படுத்துப்போனதும், பரம்பரைச் சுரங்கக்காரர்கள் தென் ஆஸ்திரேலியாவின் மூன்டா, தென்னாப்பிரிக்கா, கோலார் என்று உலகமெங்கும் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறிப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே முன்னோரைத் தேடலாம். பிரிட்டிஷ் சென்சஸின் ஆள்வாரிப் படிவங்கள் பத்திரமாக இருக்கின்றன. சர்ச் பதிவேடும் கல்லறைக் கல்வெட்டும் இருக்கின்றன. இந்திய சென்சஸும் வீடுவீடாகப் பெயர் எழுதித்தான் எடுக்கப்பட்டது. ஆனால் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டதும் அந்தப் படிவங்களை அழித்துவிட்டார்கள். எண்ணிக்கை தங்கியது, பெயர் தங்கவில்லை. ஒரே ஷாஃப்டில் இறங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு வம்சாவளி, இன்னொருவருக்கு வெறும் கூட்டுத்தொகை.

"காலனி அரசு தமிழனைப் பதிவே பண்ணல" என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களில் ஒரு பகுதி டண்டீ, நியூகாசில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள். 1913 அக்டோபரில் காந்தியின் போராட்டத்துக்காக வேலையை நிறுத்தியவர்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளிகள்தான். அவர்களுக்கான கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கும். ஆகவே கடல் கடந்து போனவரின் கிராமத்தை டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேத்தி கண்டுபிடிக்கலாம்; 90 கிலோமீட்டர் நடந்து போனவரின் சுவட்டைத் தருமபுரியில் இருக்கும் பேரனால் பிடிக்க முடியாது.

காரணம் எளிது. நேட்டால் முதலாளி ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். ஆள் ஓடிப்போனால் பிடிக்க அங்க அடையாளம் வேண்டும். தங்கவயலில் ஆள் கொண்டுவந்தவர் மேஸ்திரி, காண்ட்ராக்டர். கம்பெனிக்குத் தலை எண்ணிக்கை போதும். பெயரும் ஊரும் மேஸ்திரியின் நினைவில் இருந்தன. ஊர்ப்பக்கம் வந்தால், வருவாய்த் துறைக் கணக்கு நிலம் வைத்திருந்தவரைப் பற்றித்தான் பேசும். நிலமில்லாதவர் அதிலும் இல்லை. நாம் 'ஆவணம்' என்று மரியாதையாகச் சொல்லும் காகிதம் பெரும்பாலும் ஒரு பிடிகயிறு. வரிக்காகப் பிடித்தால் பட்டா, உழைப்புக்காகப் பிடித்தால் கப்பல் பட்டியல்.

தங்கவயல்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 1930இல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்யும் முறையைக் கம்பெனிகள் கொண்டுவந்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சுமார் மூன்று வாரம் நீடித்தது அந்த வேலைநிறுத்தம். யோசித்துப் பாருங்கள்: பக்கத்துப் பக்கத்தில் சுரங்கங்கள், எல்லாவற்றையும் நடத்துவது ஒரே நிர்வாகம். ஒன்றில் துரத்தப்பட்டவன் அடுத்ததில் வேறு பெயர் சொல்லிச் சேரலாம். அறுவடைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து மறுபடி புது ஆளாக நிற்கலாம். பெயரை மாற்றலாம், ரேகையை மாற்ற முடியாது. டேட்டாபேஸ் மொழியில் சொன்னால், கம்பெனி ஒவ்வொருவருக்கும் மாறாத ஒரு பிரைமரி கீ கொடுக்கப் பார்த்தது; அவர்கள் வேண்டாம் என்றார்கள். இன்று நாம் ஏங்கித் தேடும் பதிவேட்டை எதிர்த்துத்தான் நம் முன்னோர் மூன்று வாரக் கூலியை இழந்தார்கள். அந்தச் சுவரில் சில கற்கள் அவர்களே வைத்தவை.

அதே ஆட்கள் தாங்களாக விரும்பிய இடத்தில் பெயர் கொடுக்கத் தயங்கவில்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள்; மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. அவருக்குப் பிறகு, 1920களில், அந்த இதழ் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. கூலிக் கணக்கில் வெறும் தலையாக இருந்தவர், அந்த உலகத்தில் சந்தாதாரர், நன்கொடையாளர், பேச்சாளர். தாத்தாவைத் தேடுபவர்கள் கம்பெனிக் காகிதத்துக்கு முன்னால் இப்படிப்பட்ட இடங்களைப் பார்க்க வேண்டும்: பழைய இதழ்கள், சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பத்திரிகை, கோயில் உபயப் பலகை.

எல்லாவற்றையும்விட உறுதியானது குலதெய்வம். பட்டா இல்லாத குடும்பத்துக்கும் பொங்கல் வைக்க ஒரு சாமி உண்டு, அந்தச் சாமிக்கு ஓர் ஊர் உண்டு. மூன்று தலைமுறை லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும், மொட்டையடிக்கவும் காது குத்தவும் எந்த ஊருக்குப் போகிறோம் என்பது நினைவிருக்கலாம். கப்பல் பட்டியலில் 'கிராமம்' என்று ஒரு கட்டம் இருந்தது போல, இவர்களுக்கு அந்தச் சாமி.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்த தங்கம் சுமார் 800 டன். அதன் பிறகு தங்கவயல்காரர்களில் ஏராளமானோர் விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். தருமபுரியிலிருந்தும் அதே பெங்களூருக்குப் பேருந்துகள் நிரம்பிப் போகின்றன. ஒரே கொள்ளுத்தாத்தாவின் இரண்டு கிளைகள் ஒரே அலுவலக மாடியில் பக்கத்து மேஜைகளில் உட்கார்ந்திருக்கலாம், ஒருவரையொருவர் தெரியாமல்.

சுரங்கம் மூடிய நாளில் வேலையில் இருந்த கடைசித் தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அந்த வயதில் உங்களுக்குச் சித்தப்பாவோ அத்தையோ இருந்தால், இந்தப் பொங்கலுக்குப் போகும்போது மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: எந்த லைன்ல இருந்தீங்க? எந்த ஷாஃப்ட்ல இறங்கினீங்க? நம்ம சாமி எந்த ஊர்ல இருக்கு? பதிலைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் பதிவேட்டுக்கு அவர்கள் ஸ்டிரைக் பண்ண மாட்டார்கள்.