பின்பக்கம் ஏன் முன்னுக்கு வருது?



எங்களிடம் படித்துப் போன பொடியன் ஒருவன் போன கிழமை மன்னார் றோட்டில் காரைச் சுழற்றிப் போட்டான். இரவு, மழை விட்ட நேரம், வளைவுக்குள்ளே மாடு. இவன் பிரேக்கை ஓங்கி மிதிக்க, கார் பம்பரம் மாதிரிச் சுற்றி வந்த பக்கத்தையே பார்த்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ், மாட்டுக்கும் ஒன்றுமில்லை, இவனுக்கும் ஒன்றுமில்லை. பார்க்கப் போன எங்களிடம் சொன்னான்: "சேர், பிரேக் நல்லாத்தான் பிடிச்சது. பின்பக்கம்தான் முன்னுக்கு வந்திட்டுது."

ஸ்பிரிங் வெட்டிப் பதித்து, என்ஜினில் வேலை செய்த பழைய ஜப்பான் கார் அது. பிரேக்கில்தான் பிழை என்று ஊரில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பொடியன் சொன்ன இந்தப் பிரச்சினைக்கு நூறு வருடத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1200 கிலோ கார், நிற்கும்போது முன் சக்கரங்களில் 600, பின் சக்கரங்களில் 600 என்று வைப்போம். பாரத்தின் மையம் நிலத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் இரண்டரை மீற்றர். ஓங்கிப் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 190 கிலோ பின்னிருந்து முன்னுக்கு மாறிவிடும். முன்னுக்கு 790, பின்னுக்கு 410. பாரம் குறைந்த பின் டயர் லேசாக இறுகிவிடும். இறுகி வழுக்கும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி கிடையாது. பிள்ளைகளின் விளையாட்டுக் காரில் பார்க்கலாம்: பின் சக்கரங்களை மட்டும் டேப் ஒட்டி இறுக்கிச் சரிந்த பலகையில் விடுங்கள், அரைவட்டம் அடித்துத் திரும்பும். முன் சக்கரங்களை மட்டும் இறுக்குங்கள், நேரே வழுக்கிப் போகும். வகுப்பில் செய்து காட்டினோம், பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அதையே திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆரம்பகாலக் கார்களில் பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். முன்னுக்கும் வைத்தால் கார் குப்புறக் கவிழும் என்ற பயம் இருந்தது. 1914 ஜூலை 4, பிரான்சின் லியோன் நகரப் பந்தயத்தில் பேஜோ கார்கள் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பூட்டி வந்தன. ஆனால் பின் பிரேக் மட்டும் இருந்த மெர்சிடிஸ் கார்கள்தான் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன! ஒரு மாதத்துக்குள் உலகப் போர். போர் முடிந்த பிறகு நான்கு சக்கரப் பிரேக்தான் நிலைத்தது. வென்றவன் வழிதான் சரி என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

எங்கள் பக்கத்துப் பந்தயங்கள் இரண்டாம் உலகப் போரின் விமான ஓடுபாதைகளில் வளர்ந்தன. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம், களுத்துறையில் கட்டுகுருந்த. வவுனியா விமானத்தளமும் அதே போரில் பிரித்தானிய விமானப்படை பாவித்ததுதான். ஓடுபாதை என்றால் நீண்ட நேர்கோடு, அதன் முடிவில் திடீரென்று வளைவு. அங்கே பிரேக் பிடிக்கத் தெரிந்தவன்தான் தேறுவான்: ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே அழுத்தமாகப் பிடிப்பது, வளைவு நெருங்க நெருங்கக் காலை மெல்ல மெல்ல எடுப்பது. வளைவுக்குள்ளே போன பிறகு பதறி மிதித்தாலும் ஆபத்து, பட்டென்று காலை எடுத்தாலும் ஆபத்து. என்ஜின் பின்னுக்கு இருந்த போர்ஷே 911 இதில் பேர்போனது. வளைவில் எக்ஸிலேற்றரை விட்டாலே பின்பக்கம் வீசும். 1969 மாதிரியில் சக்கர இடைவெளியை 57 மில்லிமீற்றர் கூட்டினார்கள்.

கைதேர்ந்தவனையும் இது விடவில்லை. 1970 செப்டெம்பர் 5, இத்தாலியின் மொன்சா. அந்த வருடம் ஐந்து பந்தயம் வென்றிருந்த ஜொக்கன் ரிண்ட், நேர்ப்பாதையில் வேகம் கூட வேண்டும் என்று லோட்டஸ் காரின் இறக்கைகளைக் கழற்றிவிட்டுப் பயிற்சிக்குப் போனார். காரை நிலத்தோடு அழுத்திப் பிடிப்பவை அந்த இறக்கைகள்தான். அதே அணியின் ஜோன் மைல்ஸ், இறக்கை இல்லாமல் கார் நேராகவே போகவில்லை என்று சொல்லியிருந்தார். கடைசி வளைவுக்குப் பிரேக் பிடித்த இடத்தில் வலது முன் பிரேக்கின் சாஃப்ட் முறிந்தது. ஒரு பக்கம் பிடிக்க மறுபக்கம் பிடிக்காமல், கார் இடப்பக்கம் இழுபட்டுத் தடுப்பில் மோதியது. அவர் இறந்த பிறகுதான் உலகச் சம்பியன் பட்டம் அவருக்கென்று உறுதியானது.

டயர் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் முதலில் விமானங்களுக்கு வந்தது. டன்லப்பின் அந்த முறையை 1966இல் ஜென்சன் காரில் பூட்டினார்கள். மின்னணு முறையில் போஷ் செய்தது 1978இல் மெர்சிடிஸில் வந்தது. சறுக்கும் காரை ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்து நேராக்கும் ஈஎஸ்பி 1995இல். அது இல்லாமல் 1998இல் வந்த அவுடி ரீரீ, ஜேர்மனியின் அதிவேகப் பாதைகளில் பின்பக்கம் தடுமாறிச் சில உயிர்களை எடுத்தது. பிறகுதான் பின்னுக்கு ஒரு ஸ்பொய்லரும் ஈஎஸ்பியும் சேர்த்தார்கள்.

எங்கள் பொடியனின் காரில் இவை ஒன்றும் இல்லை. குனிந்து டயர்களைப் பார்த்தோம். முன்னுக்கு இரண்டும் புதுசு, பின்னுக்கு இரண்டும் மொட்டை. "ஸ்டியரிங் முன்னுக்குத்தானே சேர், அதுதான் நல்லதை முன்னுக்குப் போட்டது" என்றான். ஊரில் பலரும் அப்படித்தான் போடுகிறோம். பாரம் குறையும் பின்பக்கத்துக்கே தேய்ந்த டயரையும் கொடுத்தால், நனைந்த றோட்டில் அது வேறென்ன செய்யும்? இரண்டு மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னுக்குப் போடுங்கள் என்றுதான் மிஷலின் போன்ற டயர் கம்பனிகளே சொல்கின்றன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முன்னுக்கு இருந்த இரண்டையும் கழற்றிப் பின்னுக்குப் பூட்டினோம். மொட்டை டயர் இரண்டையும் திரும்பப் போட விடவில்லை. முன்னுக்கு வேறு இரண்டு வாங்கக் காசு சேர்க்கிறான். அதுவரைக்கும் கார் வேப்பமரத்தடியில், முன்பக்கம் கல்லில் நிற்கிறது.