ஐரோப்பிய ஒன்றிய நிதி ஒழுங்குவிதி

ஐரோப்பிய ஒன்றிய நிதி ஒழுங்குவிதி என்பது, 27 உறுப்பு நாடுகளைக் கொண்ட அவ்வொன்றியத்தின் பொது வரவு செலவுத் திட்டத்தை வகுத்தல், செயற்படுத்தல், கணக்குக் காட்டல், தணிக்கை செய்தல் ஆகியவற்றை நெறிப்படுத்தும் சட்டமாகும். ஆண்டு வரம்பு, வரவு செலவுச் சமநிலை, வெளிப்படைத்தன்மை முதலிய நெறிகளை வலியுறுத்தும் இது, ஒன்றியத்தின் செயலாட்சி அமைப்பான ஐரோப்பிய ஆணையம் தானே செலவிடும் நேரடி மேலாண்மை, உறுப்பு நாடுகளின் வழியே செலவிடும் பகிர்வு மேலாண்மை, பன்னாட்டு அமைப்புகள் போன்றவற்றிடம் ஒப்படைக்கும் மறைமுக மேலாண்மை எனச் செயலாக்கத்தை மூவகைப்படுத்துகிறது. பகிர்வு மேலாண்மையில் அடங்கும் வேளாண் மானியத்தை உழவரிடம் சேர்ப்பது அந்தந்த நாட்டின் முகமையே எனினும், இறுதிப் பொறுப்பு ஆணையத்துடையது. லக்சம்பர்க்கிலுள்ள தணிக்கை மன்றம் கணக்குகளை ஆராய்ந்த பின், ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆணையத்துக்குப் பொறுப்பு விடுவிப்பு, அதாவது அவ்வாண்டு வரவு செலவுச் செயலாக்கத்துக்கான இறுதி ஒப்புதல், அளிக்கிறது. இது வெறும் சடங்கன்று. 1996ஆம் ஆண்டுக் கணக்குக்கு அது மறுக்கப்பட்டதையடுத்து முற்றிய நெருக்கடியில், சான்டேர் தலைமையிலான ஆணையம் 1999 மார்ச்சில் பதவி விலகியது. 2018இன் ஒழுங்குவிதிக்கு மாற்றான புதிய வடிவம் 2024 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ளது.