செரிக் அம்மோனியம் நைட்ரேட்

செரிக் அம்மோனியம் நைட்ரேட் என்பது அருமண் உலோகமான சீரியத்தின் உப்பு. ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறப் படிகங்களாகக் கிடைக்கும் இது நீரில் மிக எளிதாகக் கரையும். 25 டிகிரி செல்சியசில் 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 140 கிராம் வரை கரைகிறது. பெயரைப் பார்த்தால் இரு நைட்ரேட்டுகள் சேர்ந்த இரட்டை உப்பு போலத் தோன்றும். உண்மையில் இது ஓர் அணைவுச் சேர்மம். நடுவில் ஒரு சீரியம் அயனி. அதைச் சுற்றி ஆறு நைட்ரேட் அயனிகள், ஒவ்வொன்றும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் சீரியத்தைப் பற்றியிருக்கும். ஆக, அணைவு எண் 12. சாதாரண உலோக அயனிகளுக்கு 4 அல்லது 6 என்பதே வழக்கம். பன்னிரண்டு அணுக்களுக்கு இடம் தரும் அளவுக்குச் சீரியம் அயனி பெரியது. இந்த அணைவின் இரண்டு எதிர்மின்சுமைகளையும் வெளியிலுள்ள இரண்டு அம்மோனியம் அயனிகள் ஈடுசெய்கின்றன.

சீரியம் உள்ளிட்ட லாந்தனைடு தனிமங்கள் அனைத்தும் சேர்மங்களில் பெரும்பாலும் +3 ஆக்சிஜனேற்ற நிலையிலேயே இருக்கும். வேதிப்பண்பில் அவை ஒன்றையொன்று ஒத்திருப்பதால், பிரித்தெடுப்பது பெரும்பாடு. நீர்க்கரைசலில் +4 நிலைக்குச் சென்று அங்கே நிலைத்து நிற்கக்கூடியது சீரியம் மட்டுமே. தன்னிடமுள்ள ஒரே 4எஃப் எலக்ட்ரானையும் இழந்தால் செனான் வாயுவின் எலக்ட்ரான் அமைப்பு அதற்குக் கிடைத்துவிடுகிறது. எனினும் +3 நிலைதான் அதற்கு இன்னும் வசதியானது. இழந்த எலக்ட்ரானைத் திரும்பப் பெற எப்போதும் முனைவதால், +4 சீரியம் வலிமையான ஆக்சிஜனேற்றி. நிறமும் அந்த முனைப்பைக் காட்டிவிடும்: +4 சீரியக் கரைசல் மஞ்சள் முதல் ஆரஞ்சு வரை, எலக்ட்ரானைப் பெற்று +3 ஆனதும் நிறமற்றது.

சீரியத்தை 1803-இல் சுவீடனில் பெர்சீலியசும் ஹிசிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும் தனித்தனியே கண்டறிந்தனர். இரண்டாண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த சீரிஸ் என்ற விண்பொருளின் பெயரே தனிமத்துக்கு வைக்கப்பட்டது. ‘அரு’மண் என்ற அடைமொழி இதற்குப் பொருந்தாது, புவியின் மேலோட்டில் இது செம்புக்கு ஏறக்குறைய இணையான அளவில் உள்ளது. முக்கிய மூலங்கள் பாஸ்ட்னசைட்டும் மோனசைட்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அன்று தேடப்பட்டது எரிவாயு விளக்கு வலைகளுக்கான தோரியம். சீரியம் அதனுடன் வந்த பொருள். அந்த வலையிலும் தோரியம் ஆக்சைடுடன் ஒரு சதவீத அளவு சீரியம் ஆக்சைடு சேர்க்கப்பட்டது. அந்தச் சிறு அளவு இல்லாவிட்டால் வலை பிரகாசமாக ஒளிராது.

செரிக் அம்மோனியம் நைட்ரேட்டைத் தயாரிக்க, +3 சீரியக் கரைசலுடன் அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து +4 ஹைட்ராக்சைடாக வீழ்படிவாக்குவர். அதை அடர் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அம்மோனியம் நைட்ரேட் சேர்த்தால், அடர் அமிலத்தில் குறைவாகவே கரையும் இந்த உப்பு படிகமாகிப் பிரிகிறது. மற்ற லாந்தனைடுகள் கரைசலிலேயே தங்கிவிடுவதால், சீரியத்தைத் தூய்மைப்படுத்தவும் இதுவே வழியாகிறது.

இந்த உப்பின் ஆக்சிஜனேற்றும் வலிமை, அது எந்த அமிலத்தில் கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். சீரியத்தின் +4, +3 நிலைகளுக்கிடையிலான மின்னழுத்தம் பெர்குளோரிக் அமிலத்தில் சுமார் 1.70 வோல்ட், நைட்ரிக் அமிலத்தில் 1.61, கந்தக அமிலத்தில் 1.44. சல்பேட் அயனிகள் +4 சீரியத்தை +3 சீரியத்தைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்வதே இந்தக் குறைவுக்குக் காரணம். கணக்குப்படி மூன்று கரைசல்களும் நீரையே சிதைத்து ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். வினை மிக மெதுவாக நடப்பதால்தான் அவை புட்டியில் நிலைக்கின்றன. நீரைப் பிளக்கும் வினையூக்கிகளைச் சோதிப்போர் இந்தச் சோம்பலைப் பயன்படுத்திக்கொள்கின்றனர்: வினையூக்கி சேர்த்ததும் ஆக்சிஜன் குமிழிகள் எழுந்தால், அது வேலை செய்கிறது என்று பொருள்.

பகுப்பாய்வு வேதியியலில் இது ஒரு முதல்நிலைத் திட்டப்பொருள். தூய உப்பை எடைபோட்டு நேரடியாகத் திட்டக் கரைசல் தயாரிக்கலாம். இரும்பு(2) உப்புகளைத் தரம்பார்க்கும்போது ஃபெரோயின் நிலைகாட்டியின் சிவப்பு வெளிர்நீலமாவது முடிவுநிலை. கரைசலின் செறிவு நாள்பட மாறாது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தாலும் இடைஞ்சல் இல்லை. இவ்விரண்டிலும் இது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை விஞ்சுகிறது. பள்ளி ஆய்வகங்களில் ஆல்கஹால் தொகுதியைக் கண்டறிய உதவுவதும் இந்த உப்பே: மஞ்சள் கரைசல் ஆல்கஹாலுடன் சேர்ந்து சிவப்பாகும்.

கரிம வேதியியலில் இது ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரானை மட்டுமே பறிக்கும். ஹைட்ரோகுயினோன்களைக் குயினோன்களாக்கவும், பீட்டா-லாக்டம் சேர்மங்களில் நைட்ரஜன் மீதுள்ள மெத்தாக்சிபீனைல் காப்புத் தொகுதியை நீக்கவும் பயன்படுகிறது. 1965-இல் வேதியியலாளர் பெட்டிட்டின் குழுவினர், தனித்து நிலைக்காத சைக்ளோபியூட்டாடையீனை அதன் இரும்பு அணைவிலிருந்து விடுவித்தது இந்த உப்பைக் கொண்டே. குறை அதன் எடை. மோலார் நிறை 548 கிராம். ஒரு மோல் எலக்ட்ரானைப் பெற அவ்வளவும் வேண்டும். அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட்டுக்கு அதே வேலைக்கு 32 கிராம் போதும். எனவே ஆய்வகத்தில் விரும்பப்படும் இது, தொழிற்சாலையின் பெரிய கலன்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

ஸ்டார்ச், செல்லுலோஸ் ஆகியவற்றில் இது வேறுவிதமாக உதவுகிறது. பெருமூலக்கூறின் மீதே தனியுறுப்பை உண்டாக்கி, அங்கிருந்து செயற்கைப் பாலிமர் கிளையை வளர்க்கச் செய்கிறது. ஸ்டார்ச்சில் இவ்வாறு பாலிஅக்ரிலோநைட்ரைலை ஒட்டி, காரத்தால் நீராற்பகுத்தபோது, தன் எடையைப்போல் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் பொருள் கிடைத்தது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகம் 1970-களில் உருவாக்கியது இது.

மின்னணுத் தொழிலில் குரோமியம் படலங்களை அரித்து வடிவம் வெட்டுவது இதன் முக்கியப் பயன். போட்டோமாஸ்க் தகடுகளிலும் திரவப் படிகத் திரைகளிலும் உள்ள மெல்லிய குரோமியத்தை, நைட்ரிக் அல்லது பெர்குளோரிக் அமிலம் கலந்த இதன் கரைசல் கரைக்கிறது. ஒரு குரோமியம் அணுவுக்கு மூன்று சீரியம் அயனிகள் செலவாகும். அடியிலுள்ள கண்ணாடி பாதிக்கப்படுவதில்லை.

பெலூசோவ்–ஷபோடின்ஸ்கி வினையிலும் இது இடம்பெறுகிறது. சோவியத் வேதியியலாளர் போரிஸ் பெலூசோவ் 1951-இல் சிட்ரிக் அமிலம், புரோமேட், சீரியம் உப்பு கலந்த கரைசல் மஞ்சளாகவும் நிறமற்றதாகவும் மாறி மாறி ஊசலாடுவதைக் கண்டார். வினை முன்னும் பின்னும் செல்ல முடியாது என்று இதழாசிரியர்கள் கட்டுரையை மறுத்தனர். அது 1959-இல் ஒரு மாநாட்டுத் தொகுப்பில் ஒதுங்கியது. ஷபோடின்ஸ்கி சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் மலோனிக் அமிலத்தைப் பயன்படுத்தி 1961 முதல் இதை விரிவாக ஆராய்ந்தார். 1980-இல் இந்த ஆய்வுக்கு லெனின் பரிசு அறிவிக்கப்பட்டபோது பெலூசோவ் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

சூடாக்கினால் இந்த உப்பு சிதைந்து சீரியம் டைஆக்சைடாகிறது. வாகனப் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிகளுக்கு வேண்டிய நுண்துகள் ஆக்சைடை இதிலிருந்து பெறலாம். கரிமப் பொருள்களுடன் கலந்து சூடாக்கினால் வேகமாக எரியக்கூடும் என்பதால், தாள், மரத்தூள், கரைப்பான்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கி, ஈரம் படாத மூடிய கலனில் வைக்கப்படுகிறது.